அஜந்தனின் இடது கை

கோகிலாவுக்கு வந்த ஆத்திரத்தில் ரப்பர் பால் வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியே புள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தாள்.

தோட்டத்துப் பொம்பளைகள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அவள் மகன் அஜந்தன், மூணு வயசு, இடது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிணுங்கினான். அவள் புருஷன் வேலுசாமி முன்னாடியே வந்து கத்திக்கொண்டிருந்தான்.

"யாரு இவன் கைய இப்படி ஆக்குனது?" என்றாள் கோகிலா.

"நான்தாங்கக்கா," என்றாள் ஆயா அருள்செல்வி. "பால் குடுக்கையில ஒத்தக் கையப் புடிச்சுத் தூக்கிட்டேன்."

"ஒத்தக் கையால தூக்குறதுக்கு அது என்னா, வாழைத்தாரா?"

அருள்செல்வி வேலைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. இன்னும் நிரந்தரமாக்கவும் இல்லை. அப்பன் இல்லாத வீடு, இஸ்கூல் போகிற ரெண்டு தங்கச்சிமார். அதெல்லாம் கோகிலாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பெத்த வயிறு பற்றி எரிகிறதே.

ஒன்று மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் வேலுசாமியின் கோபம் வேறு ஒருத்தர் மேல் போகிறது.

"கை ஒடிஞ்சிருச்சு, பாத்தாலே தெரியுது," என்றாள் பக்கத்து வரிசைவீட்டு லயத்து மருதாயி. "புளத்கொகுபிட்டியில வெதமாத்தயா, நாட்டு வைத்தியரு ஒருத்தரு இருக்காரு. எண்ணெ போட்டு மூங்கில் பத்தை வச்சுக் கட்டுவாரு. டிஸ்பென்சரிக்குப் போனா பனடோல் மாத்திரைதான் குடுப்பாங்க."

ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோகிலாவுக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கே நடந்தாள். வேலுசாமி முன்னால், அருள்செல்வி பின்னால், அவளுக்குப் பின்னால் பாதி லயம்.

"எல்லாரும் வெளிய நில்லுங்க. உள்ள காத்தே வரல," என்றார் மருந்துக்கார இந்திரகுமார் ஐயா. அப்பா, அம்மா, ஆயா மூவரையும் மட்டும் விட்டார்.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "விரல ஆட்டு ராசா" என்றார். அஜந்தன் ஆட்டினான்.

"நரம்புக்கு ஒன்னுமில்ல. எலும்பும் ஒடியல."

"அப்புறம் ஏன் கையத் தூக்க மாட்டேங்குறான்?"

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா."

ஒரு கையால் பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார். மறு கையால் உள்ளங்கையை மேலே திருப்பி, சட்டென்று மடக்கினார். டக் என்று ஒரு சத்தம். அஜந்தன் கூரை பறக்கக் கத்தினான். வேலுசாமி அவரை அடிக்கவே போய்விட்டான்.

பத்து நிமிஷம் கழித்து ஐயா ஒரு பிஸ்கட்டை இடது பக்கமாக நீட்டினார். அஜந்தன் இடது கையாலேயே வாங்கிக் கடித்தான்.

"சின்னப் புள்ளைங்களுக்கு முழங்கை எலும்பைப் புடிச்சிருக்குற நாரு இன்னும் எளசு," என்றார். "ஒத்தக் கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா எலும்பு நழுவிரும். எண்ணெயும் வேணாம், பத்தையும் வேணாம். இனிமே ரெண்டு கக்கத்துலயும் கை குடுத்துத் தூக்குங்க."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் கோகிலா, அருள்செல்வியைப் பார்த்து.

"கேட்டுக்கிட்டேங்கக்கா."

அதோடு விட்டிருக்கலாம். கோகிலா விடவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்த் தொரையிடம் சொன்னாள். தொரை அருள்செல்வியைக் கூப்பிட்டார். அவள் அங்கேயும் ஆமா என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கமான கூத்துதான். அடுப்பு புகைகிறது, ரொட்டி கருகுகிறது, டீ எங்கே என்று வேலுசாமி கத்துகிறான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நேரம் தப்பினால் கங்காணி வெரட்டி விட்டுவிடுவார். அன்றைக்கு வேலை கிடையாது. இந்தப் பயலோ லயத்துப் படியில் நின்று கோழிக்குஞ்சை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"வாடா, உசுர வாங்காத," என்று கோகிலா அவன் கையைப் பிடிக்கப் போனாள்.

அஜந்தன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"இழுக்காதம்மா. வலிக்கும்."

"நான் எங்கடா இழுத்தேன்? ஆயால்ல இழுத்தா."

"இல்ல. நீதான் இழுத்த. நேத்து. இந்தப் படியில."

கோகிலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆமாம், நேற்றும் இதே படி, இதே அவசரம். வெடுக்கென்று இழுத்தாள். அவன் அழுதான். அவன் அழாத நாள் ஏது? அப்படியே கொண்டுபோய் ஆயாவிடம் தள்ளிவிட்டு ஓடியிருந்தாள்.

பெரட்டாவது ஒன்றாவது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு புள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். அருள்செல்வி சாவியை ஒப்படைக்க வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன்டி பொய் சொன்ன? நான் அவ்வளவு பேச்சுப் பேசுறேன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கொண்டாந்து விடுறப்பவே கை தொங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்குக்கா. நான் பால் குடுக்கையிலதான் கவனிச்சேன்."

"அதத்தானே சொல்லியிருக்கணும்?"

அருள்செல்வி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வர்றதுக்கு முந்தியே உங்க வீட்டுக்காரரு வந்து கேட்டாருக்கா. 'கோகிலாவா இழுத்தா? சொல்லு, அவ கைய ஒடிச்சுட்டுத்தான் மறுவேலை'ன்னாரு. எனக்கு வேலை மட்டுந்தானேக்கா போகும்."