அறுபத்தொன்றிலும் பசிக்கும்

அலுவிகாரைக் கிராமத்தில் மழை விட்ட காலை. முற்றத்துச் சாக்கில் மிளகு காய்கிறது. காப்புறுதி விற்க வந்த பெண் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி சொல்கிறாள்: அறுபது வயதோடு முடிகிற திட்டம் மலிவு, எந்த வயதில் கண்ணை மூடினாலும் காசு தருகிற ஆயுள்காலத் திட்டத்துக்குக் கட்டுப்பணம் கூடுதல். "மலிவானதே போதுங்க மிஸ். அறுபது வரைக்கும் இருந்தாலே பெரிய விஷயம்," என்று சிரிக்கிறான் இந்திரகுமார். அவன் மனைவி நிரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்கள் முற்றத்தில், ஒரே மகள் தர்ஷிகாமேல் நிற்கின்றன. வயது இருபது, இன்னும் பேச்சு வரவில்லை, சோறூட்டவும் ஆள் வேண்டும். மிளகை அள்ளி விரல்வழியே விட்டு, அது விழும் ஓசையில் சொக்கிப்போயிருக்கிறாள். "அறுபத்தொண்ணுல நீங்க போயிட்டா? அப்பவும் இவளுக்குப் பசிக்குமேங்க," என்கிறாள் நிரஞ்சனி மெல்ல. இந்திரகுமாரின் சிரிப்பு அடங்குகிறது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அறியாத தர்ஷிகா எழுந்து வந்து, அப்பாவின் தோளில் தாடையைப் பதித்து நிற்கிறாள். அவள் மூச்சு அவன் காதில் சூடாகப் படுகிறது. அவன் அசையவில்லை. பிறகு வந்த பெண்ணிடம், "அந்த ஆயுளுக்கும் உள்ளத இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்," என்கிறான். "அவசரமில்ல, மெதுவாவே சொல்லுங்க." நிரஞ்சனி நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்காருகிறாள்.