சாவுக்கு மட்டும் பாஸ்

“தவறுனது ஆருங்கம்மா?”

காரின் பின்சன்னலுக்கு நேராகக் குனிந்து போலீஸ்காரர் கேட்டார்.

அவள் முகக்கவசத்தை மேலே இழுத்தாள். மறுபடி கீழே இழுத்தாள். கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

ஸ்டியரிங்கில் இருந்த மகன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். கேட்டா சின்னம்மான்னு சொல்லிரும்மா. ஒத்த வார்த்தை.

ஒற்றை வார்த்தைதான். நாக்கு எழவில்லை.

ஊரடங்கில் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்று பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார்கள். இரண்டு முறையும் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் முறை, காரணம் என்ற இடத்தில் மகன் ‘இறப்பு’ என்று போட்டான். இரண்டு மணி நேரத்தில் பாஸ் வந்தது.

எழுபத்தொரு வயதுக்காரி செத்தவளைப் பார்க்கப் போகலாம். படுத்துக் கிடப்பவளைப் பார்க்கப் போகக் கூடாது. அவளுடைய பாதுகாப்புக்காகவாம்.

தங்கை மயிலு குளியலறையில் வழுக்கி விழுந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அதையும் பால் ஊற்றும் பெண்தான் போனில் சொன்னாள். மயிலுவின் கணவர் நாச்சிமுத்து சொல்லவில்லை.

அவருக்குப் போன் போட்டால் முதலில் கொரோனா விளம்பரத்தில் யாரோ இருமுவார்கள். பிறகு கை கழுவச் சொல்வார்கள். அதெல்லாம் முடிந்து அவர் வருவார்.

“தூங்கறாளுங்க.”

காலை பதினொன்றுக்குத் தூக்கம். மாலை நாலுக்கும் தூக்கம்.

கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடத்தில் மயிலு பகலில் தூங்கியதே இல்லை. அந்த வீட்டில் யார் விட்டார்கள்?

ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகவில்லை என்று நேராகவே கேட்டாள்.

போனால் டெஸ்ட் எடுப்பார்களாம். எடுத்தால் இருக்கிறது என்று எழுதிவிடுவார்களாம். எழுதினால் வாசலை அடைத்துத் தகரம் அடிப்பார்களாம். ஊருக்குள் தலைகாட்ட முடியுமா என்றார்.

முப்பது வருடம் கூட்டுறவு சொசைட்டித் தலைவர். மைக்கைக் கண்டால் மார்பு விரியும். அந்த மார்பு இப்போது ஒரு தகரத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பு உடைந்தவளுக்குத் தைலம் தேய்க்கிறது.

அவரா தேய்ப்பார்? பாட்டிலை நீட்டியிருப்பார்.

“அம்மா, உங்களத்தானுங்க.”

மகன் முந்திக்கொண்டான். “எங்க சின்ன...”

“நாச்சிமுத்து,” என்றாள்.

மகனின் கை ஹாரனில் பட்டது. வண்டி ஒருமுறை அலறி ஓய்ந்தது.

“என்ர தங்கச்சி ஊட்டுக்காரருங்க.”

போலீஸ்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். “கொரோனாங்களா?”

“இல்லீங்க. பயத்துல.”

அவர் தலையை ஆட்டினார். “வயசானவங்க நியூசே பாக்கப்படாதுங்கம்மா. சொன்னா ஆரு கேக்கறாங்க.”

தடுப்பை நகர்த்திவிட்டார்.

இரண்டு மைல் தாண்டியதும் மகன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“சித்தப்பாவ இப்பிடிச் சொல்லிட்டியே. சாவச் சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க.”

“இருக்கட்டும். நல்லா நூறு வருசம் இருக்கட்டும். தானே சோறாக்கித் திங்கட்டும்.”

நாச்சிமுத்து வராந்தாவில் நின்றார். முகக்கவசம். அதன் மேல் துண்டு. கையில் பூச்சிமருந்து அடிப்பது போல ஒரு சானிடைசர் பாட்டில்.

வாங்க என்று சொல்லவில்லை.

“பாஸ் எப்பிடிங்க கெடச்சுது?”

“ஒரு எழவு சொன்னோம். குடுத்தாங்க.”

யார் எழவு என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலை அழுத்தினார். அவள் கைமீது, செருப்புமீது, காற்றின்மீது அடித்தார்.

அவள் அந்தச் சாரலுக்குள் நடந்து உள்ளே போனாள்.

கடைசி அறை. சன்னல் சாத்தியிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு வாளி. தலைமாட்டில் தைலப் பாட்டில். அறை வாசலுக்கு வெளியே, தரையில், கழுவாத தட்டு.

உள்ளே கொண்டுவந்து வைக்கவும் பயம்.

“அக்கா,” என்றாள் மயிலு. “நீ எதுக்கு வந்தே? உனக்குச் சளி புடிச்சுக்கப் போவுது.”

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். மகனைக் கூப்பிட்டாள்.

அவன் தூக்கியபோது மயிலு வலியில் பல்லைக் கடித்தாள். அதிலும் ஒரு கை சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்து ஆறடி தள்ளிப் பின்னால் வந்தார்.

“பெரியாஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாமுங்க. பேரு எழுதிருவாங்க.”

யாரும் திரும்பவில்லை.

“அப்ப எனக்கு ராத்திரிக்கு?”

மகன் மட்டும் ஒரு கணம் நின்றான். பிறகு நடந்தான்.

பின்சீட்டில் மயிலுவைச் சாய்த்து, தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். கார் புறப்பட்டது.

நாச்சிமுத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டு நழுவியிருந்தது. மூக்கு தெரிந்தது.

மயிலு கழுத்தைத் தூக்க முயன்றாள். சன்னல் பக்கம் பார்த்தாள். நாற்பத்து நாலு வருடப் பழக்கம். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் சொல்லாமல் அந்தப் படி இறங்கியதில்லை.

“ஏனுங்க, போயிட்டு...”

அவள் தங்கையின் வாயில் மெல்லக் கை வைத்தாள்.

“வேண்டாம் மயிலு. எழவு ஊட்டுல இருந்து போறப்ப அதைச் சொல்லப்படாது.”

மயிலு அக்காவைப் பார்த்தாள். வாசலில் நிற்பவரைப் பார்த்தாள்.

சொல்லவில்லை.