ஷட்டரில் ஒரு முகம்

அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

அவன்தான்.

கடைகளுக்குப் போடுகிற இரும்பு ஷட்டர். ஓரமெல்லாம் துரு. அதைக் கழற்றிக் கொண்டுவந்து கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் நிறுத்தியிருந்தார்கள். அதன் மடிப்புகள் முழுக்க, மேலிருந்து தரைவரை, ஒரே ஓர் ஆண்முகம். நீலத்திலும் செங்கல் நிறத்திலும்.

தாடி புதிது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ஆனால் இடது காதை முன்னால் கொடுத்துத் தலையைச் சாய்த்திருந்த விதம் அவனுடையது. அவள் கணவன் தயாபரனுக்கு வலது காது கேட்காது. கல்யாணமான புதிதிலேயே அவள் அவனுக்கு இடப்பக்கமாக நடக்கப் பழகியிருந்தாள்.

கீழே சின்ன அட்டையில் எழுதியிருந்தது: பெயர் தெரியாதவர்.

"மிஸ், இங்க வாங்க மிஸ். செமயா இருக்கு!"

ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஷட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். தெருவோவியங்களைக் காட்ட, திண்டிவனத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் சென்னைக்கு அழைத்து வந்திருந்தார்கள். டிராயிங் மாஸ்டர் வந்திருக்க வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்று கணக்கு டீச்சரான இவளை அனுப்பிவிட்டார்கள்.

தயாபரன் வீட்டைவிட்டுப் போனபோது மகன் ஒன்றாம் வகுப்பு. இப்போது கல்லூரி.

அன்று காலை அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு "வர்றேன்" என்றான். அவள் நிமிராமல் "ம்" என்றாள்.

சண்டை இல்லை. கடன் இல்லை. வேறொருத்தி இல்லை. இருந்திருந்தால், கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

சொன்ன இடமெல்லாம் தேடினாள். வேளாங்கண்ணிக்குப் போனாள். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை நெடுக உட்கார்ந்திருந்த சாமியார்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்தாள். சென்னையை யாரும் சொல்லவில்லை.

பொட்டை அவள் எடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவள் முன்னால் வரும்போது ஒரு கணம் தயங்கும். பிறகு நீளும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே அவள் கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள்.

படத்தை வரைந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள். மெர்லின் என்று பெயர் சொன்னாள். நகக்கண்ணெல்லாம் பெயின்ட். பிள்ளைகளைக் கண்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"இது சிந்தாதிரிப்பேட்டையில ரொம்ப நாளா மூடிக் கிடந்த ஒரு கடையோட ஷட்டர். அந்த வாசல்லதான் இவர் படுத்துக்குவார். அந்தத் தெருச் சுவத்துல நான் வரையறப்பல்லாம் வந்து ஏணிய பிடிச்சுக்குவார். விழுந்துடாத பாப்பா, விழுந்துடாத பாப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."

சிந்தாதிரிப்பேட்டை.

பிள்ளைகளைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு ஓர் ஆட்டோ பிடிக்கலாம். இன்றைக்கே. மகனுக்கு போன் பண்ண வேண்டும். வேண்டாம், முதலில் நேரில் பார்த்துவிடலாம். பார்த்ததும் என்ன கேட்பது? ஒன்றும் கேட்கக்கூடாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கலாம்.

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் முன்னால் நின்ற ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"இவரு இப்ப எங்கக்கா இருக்காரு?"

"இல்லடா. போன மழைக்குக் காய்ச்சல்ல கிடந்தார். ஒருநாள் காலைல போய்ப் பாக்கறேன், எழுந்திரிக்கவே இல்ல. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இவர் முகத்தையே இதுல வரைஞ்சேன்."

பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள்.

அவள் பிடித்த வாரை விடாமல் நின்றாள்.

"சொந்தக்காரங்க யாருமே இல்லையாக்கா?"

"நானும் கேட்டிருக்கேன். 'ஒரு பொண்டாட்டி இருந்தா. செத்துப்போயிட்டா' அப்படின்னார். அவ்ளோதான். அதுக்கு மேல பேச மாட்டார்."

எங்கேயோ ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"மிஸ், எங்கள இதோட ஒரு போட்டோ எடுங்க மிஸ்."

அவள் செல்போனை எடுத்தாள். பிள்ளைகள் ஷட்டருக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். திரையில் முகங்களின் மேல் மஞ்சள் சதுரங்கள் விழுந்தன. ஒவ்வொன்றாக, எல்லா முகங்களின் மேலும். பின்னால் இருந்த அவன் முகத்தின் மேலும் ஒன்று விழுந்தது.

அவள் எடுத்தாள்.

"மிஸ், இன்னொண்ணு."

இன்னொன்றும் எடுத்தாள்.

மெர்லின் அவள் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க எதுவும் கேக்கலையே?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

பிள்ளைகள் அடுத்த படத்துக்கு நகரத் தொடங்கினார்கள். அவள் நின்றாள்.

"எப்பச் செத்தாங்களாம்?"

"யாரு மேடம்?"

"அவரோட சம்சாரம்."

மெர்லின் கொஞ்சம் யோசித்தாள்.

"அத நான் கேக்கலையே மேடம்."

"சரிம்மா."

அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் வரிசையில் நிற்கச் சொன்னாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.