சட்டியோட வாங்க

“நீங்க சமைக்கிற சட்டியை எடுத்துட்டு வாங்கம்மா. எங்க கண்ணு முன்னாடி அடுப்புல வெச்சுக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

செங்கல்பட்டில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் லக்ஷ்மிநாராயணன் இப்படிச் சொன்னதும் ஜாய்ஸுக்குச் சுருக்கென்றது.

பெட்டியில் ‘இன்ஃப்ராரெட் அடுப்பு. மண்சட்டி, அலுமினியம், எதையும் வைக்கலாம்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினாள். உள்ளே இருந்ததோ இண்டக்‌ஷன் அடுப்பு. மண்சட்டியை வைத்தால் கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது.

“இன்னா சார், நான் பொய் சொல்றேன்றீங்களா?”

“அப்படிச் சொல்லலைம்மா. சட்டியைக் கொண்டு வாங்க.”

அதற்குமேல் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஜாய்ஸ் அடுப்பைக் கடையிலேயே வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே ரயிலேறினாள்.

ஆசைக்கு வாங்கிய அடுப்பில்லை அது. அவள் கணவன் ஞானதாஸுக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து எந்த வாசனையும் தெரியாது. ராத்திரி வாட்ச்மேன் வேலை, பகலில் வீட்டுச் சமையல் அவன் பொறுப்பு. போன மாதம் ஒருநாள் ஜாய்ஸ் சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்க கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. மனிதன் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்ததும் பீடி பற்ற வைக்கிற பழக்கம் வேறு. கர்த்தர்தான் காப்பாற்றினார்.

அன்றைக்கே சிலிண்டரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டாள். வீட்டில் இருப்பதெல்லாம் மண்சட்டியும் அலுமினியமும்தான். அதற்குத் தோதாக அடுப்பு வாங்கினால் இந்தக் கூத்து. “பேஜாரு இன்னாத்துக்கு? கேஸையே மாட்டிக்கலாம்” என்று ஞானதாஸ் ஆரம்பித்துவிட்டான்.

அவளுக்கு லீவு கிடைத்தது சனிக்கிழமை. அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. கடையில் பெருமாள் படத்துக்குத் துளசி மாலை போட்டிருக்கும், முதலாளி நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்திருப்பார். சட்டிதானே கேட்டாய், இந்தா வாங்கிக்கோ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, சட்டி நிறையக் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி, வாயைத் துணியால் கட்டினாள்.

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் அவள் ரயில் ஏறியதும், பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த கூட்டம் நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தது. ஜாய்ஸ் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

கடையில் துணியை அவிழ்த்ததும், விற்பனைப் பெண் ரெஜினா திரும்பி நின்று சிரித்தாள். லக்ஷ்மிநாராயணன் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

“பெட்டி மேல எழுதியிருக்கிறதைக் காட்டுங்கம்மா. இப்ப சட்டியை வைங்க.”

அடுப்பு கத்திவிட்டு அணைந்தது.

அவர் அதோடு விடவில்லை. கடையில் இருந்த அதே மாதிரிப் பெட்டிகள் ஐந்தையும் இறக்கிப் பிரிக்கச் சொன்னார். முதல் நாலிலும் அதே சட்டி, அதே கீச் கீச். ஒரு அடுப்பை மாற்றித் தர இவ்வளவு சோதனையா என்று ஜாய்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவது அடுப்புதான் சிவக்கச் சூடேறியது.

“இதை நல்லாக் கொதிக்க விட்டுப் பார்த்துட்டே எடுத்துட்டுப் போங்க. மறுபடியும் அலைய வேணாம்” என்றார்.

குழம்பு தளதளவென்று கொதித்தது. கருவாட்டு வாசனை குக்கர், மிக்ஸி, துளசி மாலை எதையும் விட்டுவைக்கவில்லை. மனிதர் கடைசிவரை நகராமல் நின்றார்.

அடுப்பை ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்த ரெஜினா, “சார் வூட்ல பூண்டுகூடச் சேக்க மாட்டாங்கக்கா. இன்னிக்கு விரதம் வேற” என்றாள்.

“அப்ப இன்னாத்துக்கு என்னைச் சட்டி தூக்கினு வரச் சொன்னாரு?”

“உங்களை நம்பாம இல்லக்கா. கம்பெனிக்காரன்தான் நம்பல. பாத்திரம்தான் சரியில்லைன்னு அடிச்சுப் பேசறான். கஸ்டமரே அவங்க பாத்திரத்தை வெச்சுக் காட்டற வீடியோ வேணுமாம். அதுவரைக்கும் மத்த பெட்டி எதையும் பிரிக்கக் கூடாதாம். இன்னிக்குத்தான் சார் கோவத்துல எல்லாத்தையும் பிரிச்சுட்டாரு.”

“இதை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“அவருக்கு அதான் வராது. உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் இதே அடுப்போட வந்தாங்க. சட்டி கொண்டாங்கன்னதும் திட்டிட்டுப் போனவங்க, ஒருத்தரும் திரும்பி வரல. நீங்க ஒருத்தர்தான் கொண்டாந்தீங்க. இந்த வீடியோவைக் காட்டினா கம்பெனி ஒத்துக்கும், இனிமே அவங்க எல்லாருக்கும் மாத்திக் குடுத்துடலாம்.”

ஜாய்ஸ் ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் ஓடினாள். லக்ஷ்மிநாராயணன் பழைய பில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து செல்போனில் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

“சார், எங்க வூட்டுக்காரர் உசுரு இந்த அடுப்புலதான் கீது. நீங்க நல்லா இருக்கணும்” என்று கும்பிட்டாள். “கருவாடு... வேணும்னேதான் கொண்டாந்தேன் சார். மன்னிச்சுடுங்க.”

“தெரியும்மா” என்று முதல் முறையாகச் சிரித்தார். “நான் வெறும் சட்டியைத்தானே கேட்டேன்.”

அதற்குள் எதிர்முனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

“சார், செங்கல்பட்டுக் கடையிலேருந்து பேசறேன். அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. அடுப்பைக் கொண்டு வாங்க, மாத்தித் தரேன்... சட்டியா? ஐயோ, சட்டி வேணாம் சார். நம்பறேன்.”