உப்பு கொஞ்சம் தூக்கல்

“இன்னும் எத்தனை தடவைதான் ஓவனைத் திறந்து பார்ப்ப? சூடெல்லாம் வெளியே போயிடும்,” என்றான் கர்ட்.

பிரென்னா கதவைச் சாத்தினாள். உள்ளே கண்ணாடிப் பாத்திரத்தில் பீன்ஸ் கேசரோல் ஓரமெல்லாம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. காளான் சூப்பில் புரட்டிய பீன்ஸ், மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். விஸ்கான்சினில் அடுப்புப் பக்கமே போகாதவர்கள்கூடச் செய்துவிடுவார்கள். ஆனாலும் அவள் ஓவன் கண்ணாடி வழியாக மறுபடி எட்டிப் பார்த்தாள்.

கல்யாணமான பிறகு குடும்பமே கூடிச் சாப்பிடும் முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்து. மாமியார் ஆர்டிஸ் முப்பத்தோரு வருஷமாக வேறு யாரையும் தொடவிடாத கேசரோல் இது. இந்த வருஷம், “நீயே செஞ்சு கொண்டு வந்துடு” என்று போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“எனக்குப் பரீட்சை வைக்கிறாங்க, கர்ட். சர்ச் விருந்துல பாஸ்டர் மனைவி செஞ்சதை ஒரு வாய் சாப்பிட்டுட்டு, ‘இதை எந்தச் சுவத்துல பூசணும்’னு கேட்டவங்களாச்சே.”

“அது பழைய கதை. இப்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“எனக்காகச் சொல்ற.”

“நிஜமாத்தான். போன மாசம் நான் கருக்கிக் கொடுத்த முட்டையையே நல்லா இருக்குன்னு சாப்பிட்டாங்க.” சொல்லிவிட்டு, கோட்டை எடுக்கப் போய்விட்டான்.

மாமனார் வீடு பத்து நிமிஷ தூரம். சூடு ஆறாமலிருக்கப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பனி விழுந்த சாலையில் வந்தாள் பிரென்னா.

அங்கே மேஜை நிறைந்திருந்தது. நாத்தனார் ஜோலீன் வான்கோழி சமைத்திருந்தாள். மாமனார் வெர்லின் கத்தியோடு அதனுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“ஜோலீன், இது செத்தது இந்த வருஷமா, போன வருஷமா?”

“குறை சொல்றவங்களுக்கு ரெண்டு துண்டு, அப்பா. தட்டை நீட்டுங்க.”

“நீ சொல்லு, ஆர்டிஸ். எப்படி இருக்கு?”

ஆர்டிஸ் நிதானமாக மென்றார். “நல்லா இருக்கு.”

பிரென்னா தானும் ஒரு துண்டை வாயில் போட்டாள். மரத்தூள் தோற்றுப்போகும். மசித்த உருளைக்கிழங்கு கட்டி கட்டியாக இருந்தது. அதற்கும் ஆர்டிஸ், “நல்லா இருக்கு” என்றார். வெர்லின் ஏதோ சொல்ல வந்தவர், குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

கர்ட் சொன்னது பொய்யில்லை. பிரென்னாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. கேசரோலை மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

ஆர்டிஸ் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. புருவம் சுருங்கியது.

“உப்பு,” என்றார்.

வெர்லின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

“என்ன சொன்ன?”

“உப்பு தூக்கல்னு சொன்னேன். தூக்கல் என்ன, வாயில வைக்க முடியலை. கடல் தண்ணியிலயா வேக வெச்சா இவ?”

பிரென்னாவின் முகம் காதுவரை சிவந்தது. “ஒரே ஒரு ஸ்பூன்தான் போட்டேன்.”

“ஐயோ,” என்றான் கர்ட் மெதுவாக. “நீ மறந்திருப்பன்னு நானும் ஒண்ணு போட்டேன். பெரிய ஸ்பூன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

கண்ணில் நீர் முட்டிவிட்டது. மற்றவர்கள் சமைத்ததெல்லாம் ‘நல்லா இருக்கு’, அவள் சமைத்ததற்கு மட்டும் இந்தப் பேச்சு. எழுந்து பாத்திரத்தில் கை வைத்தாள். “மன்னிச்சுடுங்க. இதைக் கொட்டிட்டு வந்துடறேன்.”

“அதைத் தொடாதே,” என்று அதட்டினார் வெர்லின். அவளிடமிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். முகம் கோணலாகப் போயிற்று. பிறகு அந்தக் கோணல் முகத்தோடேயே சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இன்னொரு தடவை சொல்லு, ஆர்டிஸ்.”

“உப்புங்க. உப்பு. உப்பு.”

ஜோலீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கர்ட், பிரென்னாவின் தலையில் முத்தமிட்டான். அவள் அவனைத் தள்ளிவிட்டாள்.

“என்னை அவமானப்படுத்தறதுல உங்க குடும்பத்துக்கு இவ்வளவு சந்தோஷமா?”

ஆர்டிஸ் கை நீட்டி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“இவங்களைத் திட்டாதே. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். புது மருமக என்னைப் பார்த்துப் பரிதாபப்படறது எனக்குப் பிடிக்கலை,” என்றவர், அந்தக் கேசரோலில் இன்னும் பெரிதாக ஒரு கரண்டி அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

“போன வருஷம் வந்த காய்ச்சலோட என் நாக்கு செத்துப்போச்சும்மா. ஒன்றரை வருஷத்துல எனக்கு ருசி தெரிஞ்ச முதல் வாய் உன்னோடதுதான்.”