காரி என்ன தின்னுது?

வாரமெல்லாம் செங்கல் வண்டி இழுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரேக்ளாப் பந்தயத்தில் ஓடுகிற காளை செவலை. போன பந்தயத்தில் ஜெயித்த காரிக்காளை என்னதான் தின்கிறது என்று தெரியாமல் அதற்கு வைக்கோல் தொண்டையில் இறங்கவில்லை. காக்காய்தான் போய்ப் பார்த்துவந்து சொன்னது: "மக்காச்சோள மாவு தம்பி! தொட்டி நிறைய!"

கோழிக்கென்று தொழுவத்து மூலையில் வைத்திருந்த மாவு மூட்டையைச் செவலை அன்றைக்கே முட்டிக் கிழித்தது. வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காரிக்கு டாக்டர் வந்து வயித்தைத் தட்டிப் பார்த்துத்தான் மாவு போடுவாங்களாம். உனக்கு யாரு பார்த்தா?" என்றது வண்டியில் கூடவே இழுக்கும் மயிலைக்காளை.

"ஏன், காக்கா பார்த்துச்சே!"

மறுநாள் செவலையின் இடப்பக்க வயிறு புடைத்து நின்றது. "பார்த்தியா, சதை பிடிச்சிருக்கு!" என்று பெருமையாகத் திரும்பிக் காட்டியது. அசைபோடத்தான் வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

பந்தயத்தன்று காலையில் மூச்சுவிட முடியாமல் தரையில் சாய்ந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து மூங்கில் குழாயை வாயில் செருகி எண்ணெய் ஊற்றினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா தோல்தான் மிஞ்சியிருக்கும்," என்றார்.

செவலை கண்ணை மூடிக் கிடந்தது. பந்தயத்துக்குக் கிளம்பிய பக்கத்துத் தொழுவத்துக் காளை வேலியோரம் நின்று காக்காயிடம் குசுகுசுவென்று கேட்டது அதன் காதில் விழுந்தது:

"ஏன் காக்கா, செவலைக்கு மட்டும் என்னமோ ஊத்துறாங்களே, அது என்ன எண்ணெய்?"