ஜிர்காடாங் தூக்கம்

யாரோ லாரிக் கதவைத் தட்டிய சத்தத்தில் ராஜமாணிக்கத்துக்கு முழிப்பு வந்தது.

சரி, கேட்டைத் திறந்துவிட்டார்கள் போல என்று நினைத்தார். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்த தலையைத் தூக்க மனசே வரவில்லை.

ஜிர்காடாங் செக்போஸ்டில், காட்டுப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில், வண்டிகள் வரிசையாக நிற்கும். நேரம் வந்ததும் கேட்டைத் திறந்து, போலீஸ் வண்டியை முன்னே விட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவார்கள். அதுதான் கான்வாய். அதுவரை டிரைவர்கள் தூங்குவார்கள். தூங்குகிறவரை எழுப்பிவிடுவது பின்வண்டிக்காரர் பொறுப்பு. யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் யாரும் தவறியதுமில்லை.

இந்தத் தூக்கத்தைத்தான் பார்சல் கம்பெனி ஓய்வு என்கிறது. கொஞ்சமும் வாய் கூசாமல்.

புயலுக்குப் பயந்து நின்றுபோயிருந்த மெயின்லேண்ட் சரக்குக் கப்பல் ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை தீவின் ஹேடோ துறைமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து பார்சலை ஏற்றிக்கொண்டு காட்டைத் தாண்டி ரங்கத் ஊருக்குப் போ, திரும்பி வா, மறுபடியும் போ. வேலை நேரத்தைக் குறையுங்கள் என்று சங்கம் கேட்டது. கம்பெனி நேரத்தைக் குறைக்காமல் வண்டிக்கு இரண்டு டிரைவரைப் போட்டது. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் முழித்திருந்து பார்த்துக்கொள்ளட்டும், கான்வாய் வரிசையில் இரண்டு பேரும் தூங்கிக்கொள்ளட்டும், அப்புறம் என்ன குறை?

சங்கச் செயலாளர் ராஜமாணிக்கத்துக்கே அதில் பெரிய குறை தெரியவில்லை. சண்டை போட்டு ஓய்ந்திருந்தார். இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று டாலிகஞ்சில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஜம்பம் வேறு அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கத் தலைவர் ஜெகநாதன் இன்று காலை கம்பெனியில் இந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். அதற்கு முன் போன் செய்வார். ராஜமாணிக்கம் ஒரு 'சரி' சொன்னால் போதும். அதன் பிறகு எல்லா டிரைவர்களுக்கும் இதுதான் வேலை.

மறுபடியும் கதவைத் தட்டினார்கள்.

தலையைத் தூக்கினார். உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

ஜிர்காடாங்கில் ஏது உப்புக்காற்று?

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். எதிரே கேட் இல்லை. தண்ணீர் இருந்தது. அந்தக் கரையில் அலையாத்தி மரங்கள் இருந்தன. வண்டிகளை ஏற்றிப்போகும் ஃபெர்ரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை.

காட்டுப் பாதை மொத்தமும் முடிந்து, அடுத்த கரைக்குப் போக வரிசையில் நிற்கிறார். ஜிர்காடாங்கில் எஞ்சினை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. மறுபடியும் போட்டது ஞாபகம் இல்லை. கேட் திறந்தது இல்லை, போலீஸ் வண்டி இல்லை, வழியில் ஒரு மரம்கூட இல்லை. துடைத்து வைத்தது போல ஒன்றுமே இல்லை.



கதவுக்கு வெளியே பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் பிரவீன்குமார் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஏக்தம் டயத்துக்கு பிரேக் அடிச்சீங்கண்ணே! அந்த வளைவுல அம்மாவும் புள்ளையும் நடுரோட்டுக்கே வந்துட்டாங்க, பின்னாடி எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. நீங்க உஸ்தாத்ண்ணே."

எந்த வளைவு? எந்த அம்மா? எந்தப் பிள்ளை?

பாராட்டை வாங்கிக்கொண்டவர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார். ஃபெர்ரிக்கு வண்டிகளை விடுகிறார்கள், எடுங்க என்று கையைக் காட்டிவிட்டு பிரவீன்குமார் தன் பஸ்ஸுக்குப் போனான்.

ராஜமாணிக்கம் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். இந்தக் கால்தான் மிதித்திருக்கிறது. அவரைக் கேட்காமல் மிதித்திருக்கிறது. மிதிக்காமல் போயிருந்தால் அதையும் அவரைக் கேட்காமல்தான் செய்திருக்கும்.

அப்போதுதான் பக்கத்து சீட்டில் விஜயன் இருப்பது நினைவுக்கு வந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குத்தானே இரண்டாவது ஆள். விஜயன் பார்த்திருப்பான். இவர் கண் செருகும்போதெல்லாம் குரல் கொடுத்திருப்பான். பிரேக் என்று கத்தினதே அவனாகத்தான் இருக்கும். டாலிகஞ்சில் புறப்பட்டபோது தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்ததை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தவன். இப்போது தொப்பியை முகத்தில் கவிழ்த்துக் கதவோரம் சாய்ந்திருந்தான். வண்டி நின்ற பிறகு கொஞ்சம் கண்ணசந்திருப்பான், பாவம்.

அவனைக் கும்பிடலாம் போலிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. இந்த இடத்தில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். ஜெகநாதன்தான்.

எடுப்பதற்கு முன் அந்த அம்மாவைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். பிள்ளை எவ்வளவு பக்கத்தில் இருந்தது, வண்டி அதன்மேல் உரசாமல்தானே வந்தது, எல்லாம் தெரிந்தாக வேண்டும். விஜயனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

விஜயன் நெளிந்தான். தொப்பியை எடுக்காமலே கேட்டான்.

"என்னண்ணே, ஜிர்காடாங் வந்துருச்சா?"

முன்னால் இருந்த வண்டி ஃபெர்ரியில் ஏறிவிட்டது. படகுக்காரர் இவரை வரச்சொல்லிக் கையசைத்தார். பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின.

ராஜமாணிக்கம் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

அப்புறம் போனை எடுத்தார்.